எஞ்சிய நூலும் போர்வையும்

பின்னல் வேலை பயின்ற இல்லங்களிலெல்லாம் ஒரு பழந்துணிப் பையோ தகர டப்பாவோ இருத்தல் இயல்பு. அதனைத் திறந்து பார்ப்பின், குழந்தையின் தொப்பிக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள், ஸ்வெட்டரின் கைப்பகுதி முடிந்தபின் நின்றுபோன நீலம், நிறம் பிடிக்காது தொடாமலே விடப்பட்ட ஊதா எனப் பல நூல்களும் ஒன்றோடொன்று சிக்குண்டு கிடக்கும். அவற்றுள் எதுவும் தனித்து ஒரு பொருளுக்குப் போதாது. எறிந்துவிடவும் மனம் வாராது. இங்ஙனம் எஞ்சிய நூலைக்கொண்டு போர்வை செய்யுமாறு எவ்வாறு என்பதும், அதனினும் முதன்மையாக, எந்நூலை எந்நூலோடு சேர்க்கலாகாது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும். 'மிஞ்சியதுதானே' என்னும் அலட்சியத்தாற் பின்னிய போர்வை ஒரே துவைப்பிற் கோணிச் சுருங்கிப்போதல் உண்டு. அது நம் வீட்டிற் கிடப்பின் நட்டம் நம்மோடு போம்; குளிரில் நடுங்கும் ஒருவர்க்கு அதனைக் கொடுத்துவிட்டோமாயின், கொடாமையினும் அது தீது.

பின்னல் இருவகைப்படும். இரண்டு நீண்ட ஊசிகளைக்கொண்டு வரிசை வரிசையாகக் கண்ணிகளை மாற்றிச் செல்வது ஒன்று. நுனி வளைந்த ஒற்றை ஊசியால் ஒரு கண்ணியினின்று மறுகண்ணியை இழுத்துச் செல்வது மற்றொன்று. இதனைக் குரோஷா என்று நம் பெண்டிர் வழங்குவர். ஊசிப் பின்னலில் வரிசைக் கண்ணிகள் அனைத்தும் ஒருங்கே ஊசியில் நிற்றலின், ஒன்று நழுவினும் கீழ்வரை அவிழும். குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரு கண்ணியே உயிரோடு நிற்கும். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நிறத்தை மாற்றலாம், சிறு சிறு துண்டாகச் செய்து பின்னர் இணைக்கலாம். எஞ்சிய நூலுக்கு இஃது ஏற்றதாயிருத்தற்குக் காரணம் இதுவே. எனினும் நெருக்கமான குரோஷா, அதே பரப்புக்கு, ஊசிப் பின்னலினும் மிகுதியாக நூலை உண்ணும் என்பதை மறத்தல் கூடாது.

தமிழ்நாட்டிற்கு இத்தகைய கைவேலை வந்த வழிகளுள் ஒன்று தென்கோடியிலிருந்து தொடங்குகின்றது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவ்வேலையால் ஈட்டிய கூலியைக்கொண்டு அடிமைநிலையினின்று தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. அவருடைய மகளார் எலைசா, 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்றபின் அவ்வூரிலும் அக்கலையைப் பரப்பினார். அஃது புதிய, வெண்மையான, மிக மெல்லிய நூலால் ஆகிய வேலை, விற்பனைக்குரியது. மிஞ்சிய நூலின் வரலாறோ வேறு. 1885இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து 'பிரெய்ரி ஃபார்மர்' என்னும் உழவர் இதழில், துண்டு நூல்களால் நடுவினின்று வெளிநோக்கி வளரும் சதுரம் ஒன்றின் செய்முறை வெளிவந்தது. இன்று உலகமெங்கும் 'கிரானி ஸ்கொயர்', அதாவது பாட்டியின் சதுரம், என்று வழங்குவது அவ்வகையே. பின்னர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிக்குப் பங்கீடு நிலவியபோது, பழைய கம்பளி உடைகளை அவிழ்த்து மறுபடியும் பின்னுதல் வீட்டுக்கு வீடு கடமையாயிற்று. அவிழ்த்த நூல் சுருள் சுருளாயிருக்குமாதலின், அதனைச் சிட்டமாகச் சுற்றி, நான்கிடத்திற் கட்டி, தண்ணீரில் அலசி, அடியிற் சிறு பாரம் தொங்கவிட்டு உலர்த்துவர். அச்சுருள் நீங்கியபின்னரே பின்னுதற்கு எடுப்பர். இம்முறை நமக்கும் பயன்படும்.

அண்மையில் நம் தலைநகரிலேயே நடந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். சுபஸ்ரீ நடராஜன் அம்மையார் தோற்றுவித்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் மகளிர் குழுவினர், 2016 ஜனவரி 31ஆம் நாள் சென்னையில், 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றனர். ஒரு பெரிய கால்பந்து மைதானத்தின் பரப்பு ஏறக்குறைய 7,140 சதுர மீட்டர் என்பதை நினைப்பின் இதன் பெருமை விளங்கும். 2015ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் ஆகிய பகுதிகளைப் பெருவெள்ளம் சூழ்ந்து இரண்டு திங்கள் கழியுமுன்னர் இது நிகழ்ந்தது. சாதனை என்னும் ஆரவாரத்தை ஒருபுறம் வைத்து, நாம் கருதவேண்டியது வேறொன்று. பற்பல ஊர்களிலிருந்து, ஒருவரையொருவர் காணாத கைகள் பின்னிய துண்டுகள் ஒரு நாளில் ஒன்றோடொன்று பொருந்தியது எதனால்? எல்லோரும் அளவில் உடன்பட்டமையால். நிறம் அவரவர் விருப்பம், அளவு பொதுவிதி. எஞ்சிய நூலைக்கொண்டு நாலைந்து மாணவியர் கூடிப் பின்னத் தொடங்கினும் இவ்விதியே வேண்டும். எட்டங்குலம் என்று முடிவுசெய்தால் எட்டங்குலமே. ஒருவரது சதுரம் ஏழரையாகவும் மற்றொருவரது எட்டரையாகவும் நின்றால், இணைக்கும்போது போர்வை அலையலையாக எழும்.

இனி நம் மாவட்டத்தைப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் இயந்திரங்களின் எண்ணெயைத் துடைக்கச் சிக்குண்ட நூற்பந்துகளைப் பயன்படுத்துதலைத் தொழிலாளர் யாவரும் அறிவர். 'காட்டன் வேஸ்ட்' என்று மூட்டையாக விற்கப்படும் அது வேறொன்றுமன்று. ஆலைகளிலும் தறிகளிலும் எஞ்சிய நூலே. ஒருமுறை எண்ணெய் ஏறியபின் அது குப்பைக்கே உரியது. அதனைக் கழுவிப் பின்னலாம் என்று எவரும் முயலவேண்டா. ஆனால் அந்நிலையை அடையுமுன் உள்ள நூல் வேறு. நம் மாவட்டத்து மேற்கெல்லையில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்கள் தறித்தொழிலால் வாழ்பவை. கிழக்கே பழவேற்காட்டினின்று முற்காலத்தில் துணிகள் கடல்கடந்து சென்றன. டச்சுக்காரர் ஆங்கு 1613இற் கோட்டை கட்டியதும் பெரிதும் அவ்வாணிகம் கருதியே. தறியில் ஒரு பாவு முடியுங்கால் அதன் கடைசிப் பகுதி நெய்ய இயலாமல் நிற்கும். அந்நூல் முனைகள் தூயவை, சாயம் ஏறியவை, ஆனால் மிக மெல்லியவை. போர்வைக்கு அவை ஆகுமா?

ஆகும், கணக்கு அறிந்தால் ஆகும். பருத்தி நூலுக்கு 'நம்பர்' இடும் முறை பின்வருமாறு: 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே அந்நூலின் நம்பர். ஆகவே 20ஆம் நம்பர் நூல் பவுண்டுக்கு 16,800 கஜம் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். அந்நூலில் 16 இழைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால், பவுண்டுக்கு 1,050 கஜம், அதாவது 100 கிராமுக்கு ஏறத்தாழ 211 மீட்டர், என்னும் தடிப்பு வரும். கடையில் 'டபிள் நிட்டிங்' என்று விற்கும் நடுத்தர நூலின் தடிப்பும் கிட்டத்தட்ட இதுவே. 40ஆம் நம்பராயின் 32 இழைகள் வேண்டும். பல நிற இழைகளை இவ்வாறு சேர்த்துச் சுற்றும்போது தோன்றும் கலப்பு நிறத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க இயலாது என்பது என் துணிபு. ஒரு சாண் இரு சாண் நீளமே உள்ள முனைகளை முடிந்து முடிந்து சேர்ப்பது மட்டும் வீண் உழைப்பு. முடிச்சுகள் உடம்பை உறுத்தும்.

நூலின் தடிப்பு ஒத்தால் போதாது. இனமும் ஒத்தல் வேண்டும். கடைகளில் 'உல்லன்' என்னும் பெயரால் விற்கப்படுவனவற்றுட் பல ஆட்டுமயிரன்று. அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. ஆட்டுமயிரின் மேற்பரப்பில் மீன் செதிள்போன்ற நுண்செதிள்கள் உள. வெந்நீரிலும் சோப்பிலும் கசக்கினால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, துணி சுருங்கித் தடித்துப்போம். அக்ரிலிக்கோ அவ்வாறு கவ்விக்கொள்ளாது. இரண்டையும் ஒரே சதுரத்திற் கலந்து பின்னி வெந்நீரில் துவைத்தால் நடு சுருங்கி ஓரம் தொங்கும். எவ்வளவு இழுத்தாலும் அது மீளாது.

சீட்டுப்போன நூலின் இனத்தை அறியும் வழி எளிது. ஒரு பீங்கான் தட்டில் தண்ணீர் வைத்து, அதன்மேல் இடுக்கியால் இரண்டங்குல நூலைப் பிடித்துத் தீக்காட்டுக. பருத்தியாயின் விரைந்தெரிந்து, தாள் எரியும் நாற்றத்தோடு மெல்லிய சாம்பலாகும். ஆட்டுமயிராயின் தயங்கி எரிந்து, தீயை நீக்கியவுடன் பெரும்பாலும் அணைந்துவிடும். தலைமயிர் கருகும் நாற்றமும், விரலால் நசுக்கக்கூடிய கரியும் தோன்றும். அக்ரிலிக்காயின் உருகி, கரும்புகையோடு எரிந்து, கடினமான கருமணியாக உறையும். அம்மணியைச் சூடாறுமுன் தொடுதல் கூடாது. கலப்பு நூல்கள் இரண்டு குறியையும் காட்டி மயக்கும். அவற்றை ஒதுக்கிவிடுதலே நன்று. சாயநூலை, குறிப்பாகச் சிவப்பையும் கருநீலத்தையும், நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தபின்னரே வெண்ணூலுக்கு அருகிற் சேர்க்கவேண்டும்.

பாட்டியின் சதுரத்தில் ஓர் அழகிய கணக்கு உண்டு. மும்மூன்று நெடுந்தையல்களை ஒரு கொத்தாகக் கொண்டால், முதற்சுற்றில் நான்கு கொத்து, இரண்டாவதில் எட்டு, மூன்றாவதிற் பன்னிரண்டு எனச் சுற்றுக்கு நான்காகப் பெருகும். ஆறு சுற்றுக்கு மொத்தம் 84 கொத்துகள். அவற்றுள் முதலிரண்டு சுற்றுக்குச் செல்வன 12 மட்டுமே. ஆறாம் சுற்றுக்கு மட்டும் 24. ஆதலின் சிறு துண்டுகளை நடுவிலும் நீண்டவற்றை வெளிச்சுற்றிலும் வைத்தல் வேண்டும். இதனை அறியாது பெரிய உருண்டையை நடுவிலே தொடங்கி, வெளிச்சுற்றிற் பாதிவழியில் நூலற்று நிற்போர் பலர். எல்லாச் சதுரங்களின் வெளிச்சுற்றுக்கும் ஒரே நிறம் வாய்க்குமாயின், உள்ளே எத்தனை நிறம் முரணினும் கண்ணுக்கு அடங்கிநிற்கும். அதற்குரிய நூல் பையில் இல்லையெனின் அதனை மட்டும் விலைக்கு வாங்குதல் குற்றமன்று.

முதற் சதுரத்தை முடித்தவுடன் தராசில் நிறுத்துக. அது 16 கிராம் எனக் கொள்வோம். எட்டங்குலச் சதுரங்கள் அகலத்துக்கு ஐந்தும் நீளத்துக்கு எட்டுமாக 40 வைத்தால், 40 அங்குல அகலமும் 64 அங்குல நீளமும் உள்ள போர்வையாகும். அதற்கு 640 கிராம். இணைப்புக்கும் கரைக்கும் பத்திலொரு பங்கு கூட்டினால் 700 கிராமுக்குச் சற்று மேல். கையிருப்பு இதனிற் குறைந்தால் ஐந்துக்கு ஐந்தாக 25 சதுரங்களோடு குழந்தைப் போர்வையாக நிறுத்திக்கொள்ளலாம். தொடங்கி நடுவில் விடப்பட்ட போர்வைகளே பெட்டிகளில் மிகுதி. தராசைத் தொடாமையே அதற்குக் காரணம். நூல் முனைகளையும் அவ்வப்போதே மழுங்கிய ஊசியால் உள்நோக்கி மூன்றுமுறை திருப்பிச் செருகவேண்டும். நாற்பது சதுரங்களின் முனைகளை இறுதியிற் பார்த்துக்கொள்வோம் என்று வைப்பவர் இறுதியிற் பார்ப்பதில்லை.

யாருக்கு என்னும் வினாவை முதலிலேயே கேட்டுக்கொள்ளுதல் நலம். நம் பகுதியிற் குளிர் என்பது மார்கழி தை மாதங்களின் விடியற்காலமே. அதற்குப் பருத்தியே இதம், வேர்வையையும் உறிஞ்சும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்ததுபோல வெள்ளம் சூழ்ந்து மக்கள் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்க நேரும்போது, நனைந்த பருத்திப் போர்வை பாரமாகி எளிதில் உலராது. அவ்விடத்தில் இலேசாய் விரைந்துலரும் அக்ரிலிக்கே உதவும். அவ்வக்ரிலிக்கையே ஒற்றையறை வீட்டில், அடுப்புக்கருகிற் படுப்பவர்க்குக் கொடுத்தல் தகாது. தீப்பட்டால் அது உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தொழிற்பேட்டையை அடுத்த வாடகை அறைகளில் சமையலும் உறக்கமும் ஒரே நான்கு சுவருக்குள் நடத்தலை அறிந்தோர் இதனை எளிதாக எண்ணார். கைக்குழந்தைக்காயின் பெருந்துளையுள்ள பின்னல் ஆகாது. சிறு விரல்கள் துளையிற் சிக்கும். நெருக்கமான தையலே வேண்டும்.

போர்வை முடிந்தபின், ஒரு மூலையிற் சிறு பருத்தி நாடாவைத் தைத்து, நூலின் இனத்தையும் துவைக்கும் முறையையும் அழியாத மையால் எழுதிவிடுக. பெறுபவர் தமிழறியாத பிறமாநிலத் தொழிலாளராயின், தண்ணீர்ப் பாத்திரமும் அதன்மேல் ஒரு தீச்சுடரைக் குறுக்கே அடித்த கோடுமாகப் படம் வரைந்தாலும் போதும்.