'ஸுக்ரிய்யத்': பரிகாசம் என்னும் பாவம்

"விளையாட்டுக்குத்தானே சொன்னோம்" என்று நாம் எளிதாகத் தட்டிக் கழித்துவிடும் பாவங்களுள் ஒன்று, பிறரைப் பரிகசிப்பது. இதற்குத் திருக்குர்ஆன் ஆளும் சொற்களைச் சற்று ஆராய்வோம்.

'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 11-வது வசனத்தில் மூன்று விலக்கல்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒருவரை இழிவாக எண்ணி நகைப்பது 'ஸுக்ரிய்யத்'. குறையைக் குத்திக்காட்டுவது 'லம்ஸ்'. மனம் நோகும் பட்டப்பெயரால் அழைப்பது 'தனாபுஸ்'.

ஸீன், கா, ரா என்னும் மூன்றெழுத்துக்களே ஸுக்ரிய்யத்தின் வேர். 'வசப்படுத்தினான்' எனப் பொருள்படும் 'ஸக்கர' என்ற சொல்லும் இதே எழுத்துக்களால் ஆனதே. சூரியனையும் சந்திரனையும் மனிதனுக்காக வசப்படுத்தியதை அல்லாஹ் இச்சொல்லாலேயே கூறுகிறான் (14:33). பரிகசிப்பவனோ, தன்னைப் போன்ற ஓர் அடியானைத் தன் சிரிப்புக்கு வசப்பட்ட பொருளாக்கப் பார்க்கிறான்!

இச்சொல் வரும் இடங்களைக் கவனியுங்கள். கப்பல் கட்டிய நூஹ் (அலை) அவர்களைச் சமூகத்தின் தலைவர்கள் பரிகசித்தனர் (11:38). பாடுபட்டுப் பெற்ற சொற்பத்தைத் தருமம் செய்த ஏழைகளை நயவஞ்சகர்கள் பரிகசித்தனர் (9:79). இரு இடங்களிலும் பரிகசிக்கப்பட்டவர்களே உயர்ந்தவர்கள். பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்பதே ஹுஜுராத் வசனம் காட்டும் காரணமும் ஆகும். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு சிலர் சிரித்தபோது, அவை மீஸானில் உஹது மலையினும் கனமானவை என நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

லம்ஸைத் தடுக்கும்போது, 'பிறரை' என்று சொல்லாமல் 'உங்களையே' என்ற சொல் அமைந்திருப்பதும் சிந்திக்கத்தக்கது. சகோதரனைக் குத்துவது நம்மையே குத்திக்கொள்வதாகும்.

நம் மஹல்லாக்களின் நிலை என்ன? நொண்டி, செவிடன், கறுப்பன் என்ற பட்டப்பெயர்களே சிலருக்கு நிலைத்துவிடவில்லையா? மதரஸாவில் எழுத்துத் திக்கி ஓதும் பிள்ளையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். மறுநாள் அப்பிள்ளை வராவிட்டால், அல்லாஹ்வின் வேதத்தை விட்டு ஒரு பிள்ளையைத் துரத்திய பழி யாரைச் சேரும்?

தவ்பாச் செய்யாதவர்களை அநியாயக்காரர்கள் என்றே அவ்வசனம் முடிக்கிறது. ஆகவே, நாம் யாரைப் பட்டப்பெயரால் அழைத்து வந்தோமோ அவரிடம் இன்றே சென்று மன்னிப்புக் கேட்போம். அவருடைய தாய் தந்தையர் இட்ட அழகிய பெயரால் அழைப்போம். நம் நாவுகளை அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.