மூட்டு வீக்கம் எல்லாம் ஒன்றல்ல

கன்று நொண்டினால், ‘தாய் மிதித்திருக்கும்’ என்று மூட்டில் சூடு போடும் வழக்கம் சில கிராமங்களில் உண்டு. மிதிபட்ட கன்றுக்குப் பெரும்பாலும் ஒரு காலில்தான் வீக்கம் காணும், காய்ச்சல் இராது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று மூட்டுகள் சூடாக வீங்கி, கன்று பால் குடிக்காமல் கிடந்தால் தொப்புளைப் பார்க்க வேண்டும். அது தடித்துச் சீழ் பிடித்திருக்கும். சில கன்றுகளில் வெளியே காய்ந்தும் இருக்கும். தொப்புள் வழியே நுழைந்த கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டில் தங்குவதால் வரும் நோய் இது. சூட்டுக்கோலுக்கு அடங்காது. அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாள் கடந்தால் மூட்டு விறைத்துவிடும்.

கன்று ஈன்றதும் தொப்புள் கொடியை இரண்டு அங்குலம் விட்டு நறுக்கி, டிங்சர் அயோடினில் நனைக்க வேண்டும். சாணம், சாம்பல் வைக்கக் கூடாது. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் தேவை. முதல் வேளையை ஒரு மணி நேரத்துக்குள் புகட்டுவது நல்லது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வளர்ந்த மாட்டின் முன்னங்கால் முட்டியில் வலியின்றி மெத்தென்ற வீக்கம் பெரும்பாலும் கரடுமுரடான தரையால் வருவது. வைக்கோல் பரப்பலாம். அந்தத் தொழுவத்தில் கருச்சிதைவும் நேர்ந்திருந்தால் புரூசெல்லோசிஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனை அவசியம். வீக்கத்தைக் கீறி நீர் எடுக்கக் கூடாது. புரூசெல்லோசிஸ் கிருமி அந்த நீரில் இருந்தால் மனிதருக்கும் தொற்றும்.