ஆகாய விமானமும் பிலிம் சுருளும்

பிலிம் சுருள் வழக்கொழிந்தது எனப் பலர் எண்ணினும், அதனையே விரும்பிப் போட்டோ எடுப்போர் இன்றும் உளர். அன்னார் விமானப் பிரயாணத்தில் படம் எடுக்காத புதுச் சுருளை எங்ஙனம் காத்துச் செல்வது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

ஒளி புகும் மெல்லிய ஏடொன்றின்மேல், ஜெலட்டின் பசையிற் கலந்த வெள்ளி உப்பின் நுண்படிகங்களைப் பூசியதே பிலிம். ஒளி பட்ட படிகங்களில் கட்புலனாகாததொரு மாறுதல் நிகழும். கழுவும் மருந்து அவற்றைக் கரிய வெள்ளியாக்கி வெளிப்படுத்தும். தம்மேற் படுவது சூரிய ஒளியோ எக்ஸ் கிரணமோ எனப் பகுத்தறியும் ஆற்றல் அப்படிகங்கட்கு இல்லை. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து அறிஞர் ராண்ட்கன் தாம் புதிதாகக் கண்ட எக்ஸ் கிரணத்தால் தம் மனைவியாரின் கையெலும்புகளைப் படத்தகட்டிற் பதித்தது இப்பண்பினாலேயாம். மறு ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பெக்கெரல், கருந்தாளிற் பொதிந்து மேசையறையில் இட்டிருந்த தகடு, மேலிருந்த யுரேனிய உப்பினாற் கறுத்திருக்கக் கண்டார். அறிவியலுக்கு இத்துணை உதவிய பண்பே பிரயாணிக்கு இடராய் முடிகின்றது.

விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகளை வலிமிக்க எக்ஸ் கிரண யந்திரங்களாற் சோதிக்கின்றனர். அவற்றுள் பிலிமை வைத்தல் ஒருபோதும் தகாது. கைப்பைகளைச் சோதிக்கும் பழைய யந்திரங்கள் அத்துணைக் கொடியன அல்ல. 100, 200, 400 வேகமுடைய சுருள்கள் ஓரிருமுறை அவற்றினூடு சென்று மீளினும் பெரும்பாலும் பழுது தோன்றாது. 800-உம் அதற்கு மேற்பட்டனவும் எளிதிற் கெடுவன. அன்றியும், ஒவ்வொரு சோதனையிலும் பட்ட கிரணம் முன்பட்டதனோடு கூடிக்கொண்டே போகும். இப்பொழுதோ பல நிலையங்களிற் கைப்பைக்கும் சி.டி. யந்திரங்கள் வந்துள்ளன. இவற்றால் 400 வேகச் சுருளும் ஒரே முறையிற் கெடக்கூடும்.

புதுச் சுருள் கெடின் அதன் விலைதானே நட்டம் என்பாரும் உளர். அஃது அன்று. கெட்ட சுருளும் நல்ல சுருளும் பார்வைக்கு ஒன்றே. உடையவர் ஐயமின்றி அதனைக் காமிராவிற் பூட்டி, தமக்கையின் திருமணத்தையோ, முதுமையுற்ற பாட்டியாரின் முகத்தையோ எடுப்பர். கழுவிய பின்னரே படமெங்கும் மூட்டம் படர்ந்து, நிழற்பகுதிகள் வெளிறி, மணல் தூவினாற்போற் கிடப்பது தெரியும். அந்நாள் மீளுமோ?

ஈயப் பையிற் பொதிந்து செல்லுதலை யாம் உவப்பதில்லை. அது திரையிற் கருநிழலாய்த் தோன்றும். உத்தியோகஸ்தர் ஐயுற்று மீண்டும் சோதிப்பர். சுருள்களைத் தெளிந்த பையில் இட்டுத் தனியே நீட்டி, கையாற் சோதிக்குமாறு பணிவுடன் வேண்டுதலே தக்க வழி. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிரயாணி இங்ஙனம் கேட்கலாம். எல்லா நாட்டிலும் இசைவர் என்பதற்கில்லை. வரிசையில் நிற்போர் பொறுமையையும் கருதி, முன்னதாகவே நிலையம் சேர்தல் நன்று. காமிராவினுள் பூட்டிய சுருளையும் மறவாது தெரிவித்தல் வேண்டும். இசையாவிடின், செல்லும் ஊரிலேயே சுருள் வாங்கி, அங்கேயே கழுவுவித்துக் கொணரலாம். கழுவிய பிலிமை எக்ஸ் கிரணம் ஒன்றும் செய்யாது.