ஒரு வண்டி, இரு பேட்டரிகள், இரு காவலர்கள்

முன்னுரை

ஆரணி ஆற்றங்கரையில் வாழும் நமக்கு வண்டிகளின் ஓசை புதிதன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் செல்லும் வேன்களையும் லாரிகளையும் நாள்தோறும் காண்கிறோம். நம் மாவட்டத்தில் திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அமைத்த தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களும், பின்னர் பஜேரோ என்னும் வண்டிகளும் பூட்டப்பட்டன. பஜேரோ, ஜீப் போன்ற வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும். ஆகவே அவை சேற்றிலும் மணலிலும் ஓடவல்லவை. இத்தகைய வண்டியில் இரண்டாவது பேட்டரியை எவ்வாறு இணைப்பது, அதற்கு ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதை, நம் அறிவியல் பாடத்தின் துணைகொண்டு காண்போம்.

இரண்டாவது பேட்டரி எதற்கு?

திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பைப் பார்த்திருப்போம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியை நெடுநேரம் இயக்கினால் பேட்டரி இறங்கிவிடும். பிறகு சாவியைத் திருப்பினாலும் ‘செல்ஃப்’ எடுக்காது. தோழிகள் பத்துப் பேர் சேர்ந்து தள்ள வேண்டியதுதான்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் மாவட்டத்தில் பெருமழை பெய்தது நினைவிருக்கும். அத்தகைய வேளையில் மீட்புக்குச் செல்லும் வண்டியில் தேடுவிளக்கு எரிய வேண்டும். கைப்பேசிகளுக்கு மின்னேற்ற வேண்டும். அதே சமயம் எஞ்சின் மீண்டும் கிளம்பியே ஆக வேண்டும். வெள்ளத்தின் நடுவே கிளம்பாத வண்டியால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே ஒரு பேட்டரி எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும். மற்றொன்று விளக்கு முதலியவற்றுக்கு. முதலாவதில் மெல்லிய தகடுகள் பல உண்டு. அது சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும். இரண்டாவதில் தகடுகள் தடித்தவை. அது சிறிதளவு மின்னோட்டத்தை நெடுநேரம் தரும். 1859-இல் பிரான்சு நாட்டு அறிஞர் பிளான்டே கண்டறிந்த ஈய-அமில மின்கலமே இவ்விரண்டிற்கும் மூலம்.

இடையில் நிற்கும் ரிலே

இரண்டையும் நேரடியாகச் சேர்த்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்கிவிடும். அதனால் இடையில் ஒரு ரிலே வைக்கிறார்கள். நன்கு மின்னேறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட் அளவுக்கு உயர்த்தும். மின்னழுத்தம் சுமார் 13.3 வோல்ட் ஆனதும் ரிலே இரு பேட்டரிகளையும் இணைக்கும், சுமார் 12.8-க்குக் குறைந்தால் பிரித்துவிடும். புதிய வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் அடிக்கடி மாறுவதால், ரிலேக்குப் பதிலாகத் தனி சார்ஜர் வைக்க வேண்டும்.

கம்பியின் கனம்

‘கம்பி கம்பிதானே, எதுவானால் என்ன?’ என்று எண்ணக் கூடாது. ஜூல் விதிப்படி, கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும், மின்தடைக்கும், நேரத்திற்கும் நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு கணக்குச் செய்து பார்ப்போம்.

இரண்டாவது பேட்டரி வண்டியின் பின்புறம் உள்ளது. இணைப்புக் கம்பியின் நீளம் 3 மீட்டர். மின்னோட்டம் 60 ஆம்பியர் என்க. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியின் மின்தடை சுமார் 0.0206 ஓம். எனவே 60 × 60 × 0.0206 = ஏறக்குறைய 74 வாட். ஒரு குண்டு பல்பை விரிப்பின் அடியில் எரியவிட்டதற்கு இது சமம்! 16 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் மின்தடை 0.0032 ஓம், வெப்பம் 12 வாட்டுக்கும் குறைவு.

இரு முனையிலும் ஃபியூஸ்

இதுவே கட்டுரையின் உயிர்நாடி. ஃபியூஸ் காப்பது விளக்கையோ ரிலேயையோ அன்று, கம்பியை. வண்டியின் இரும்பு உடலே பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே நேர்முனைக் கம்பியின் உறை தேய்ந்து இரும்பைத் தொட்டால் குறுக்குச்சுற்று உண்டாகும். பேட்டரியின் அகமின்தடை 0.01 ஓம் எனக் கொண்டால், மேற்கண்ட மெல்லிய கம்பியின் மறுமுனை இரும்பைத் தொடும்போது 12 ÷ 0.0306 = சுமார் 392 ஆம்பியர் பாயும். கம்பியில் தோன்றும் வெப்பம் 3,000 வாட்டுக்கு மேல். மூன்று இஸ்திரிப் பெட்டிகளின் சூடு ஒரே கம்பியில்! உறை உருகித் தீப்பற்ற எவ்வளவு நேரமாகும்?

நம் வீட்டில் மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. இங்கோ இணைப்புக் கம்பியின் இரு முனையிலும் பேட்டரி உண்டு. முன்பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், நடுவில் கம்பி அறுந்து இரும்பைத் தொடும்போது முன் ஃபியூஸ் உருகிவிடும். ஆனால் பின் பேட்டரி தடையின்றி மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எனவே இரு வாசலிலும் காவலர் வேண்டும். ஒவ்வொரு ஃபியூஸும் அந்தந்த பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் இருத்தல் நலம். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லை அல்லவா?

எத்தனை ஆம்பியர்?

ஃபியூஸின் அளவு, கருவி எடுக்கும் மின்னோட்டத்தைவிடக் கூடுதலாகவும், கம்பி தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 60 வாட் விளக்குக்கு 60 ÷ 12 = 5 ஆம்பியர்; அதற்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். நாம் கண்ட 16 சதுர மில்லிமீட்டர் இணைப்புக் கம்பிக்கு 80 ஆம்பியர் ஃபியூஸ் ஏற்றது. வண்டிகளின் சிறு ஃபியூஸ்களை நிறத்தாலேயே அறியலாம்: 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

கவனிக்க வேண்டியவை

1. வேலை தொடங்குமுன் எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பானர் இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது.
2. உலோக வளையல், மோதிரம், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.
3. தகட்டுத் துளை வழியே கம்பி செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இட வேண்டும்.
4. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகவே காற்றோட்டம் தேவை; அருகில் நெருப்பு கூடாது.
5. பேட்டரி ஆடாதபடி இறுகப் பிணைக்க வேண்டும்.
6. இணைப்பு வேலையைத் தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமே ஒப்படைக்க வேண்டும்.

முடிவுரை

ஃபியூஸ் போய்விட்டால் கையில் கிடைத்த தாமிரக் கம்பியை முறுக்கி வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. ‘இனிமேல் போகவே போகாது’ என்று பெருமையும் கொள்கிறோம். உண்மைதான், ஃபியூஸ் போகாது, அதற்குப் பதில் கம்பி எரியும், வண்டி எரியும், வீடு எரியும். தான் உருகிப் பிறரைக் காக்கும் மெழுகுவர்த்தியைப் போன்றதே ஃபியூஸும். அது உருகினால் சினம் கொள்ளாமல், ஏன் உருகியது என்று ஆராய்வோம். பெற்றோர்களே, இன்று மாலை உங்கள் வண்டியின் ஃபியூஸ் பெட்டியையும் வீட்டு இன்வெர்ட்டரின் இணைப்பையும் ஒருமுறை பாருங்கள். தோழியரே, நாமும் உடனிருந்து கற்போம். வருமுன் காப்போம், நலமுடன் பயணம் செய்வோம்!