ஊரில் நிற்கும் அப்பாவின் பழைய வண்டி: ஆர்சி ரத்து ஆகாமல் காயலான் கடைக்குக் கொடுக்காதீங்க!

நீங்க சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கீங்க. தளவாய்புரத்தில் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் பழைய ஆம்னி வேன் நிற்குது. ஒரு காலத்தில் நைட்டி பண்டல் ஏற்றி ஊர் ஊராகப் போன வண்டி. இப்போ டயரில் காற்று இல்லை, பேட்டரி செத்துப்போச்சு, ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கி கொசு வளருது. "வித்துத் தொலைடா"ன்னு அம்மா போனில் சொல்றாங்க.

இதே பிரச்சினை அமெரிக்காவின் குளிர்ப் பிரதேச கிராமங்களிலும் உண்டு. அங்கே பண்ணைகளில் வீடு மாதிரியான பழைய கேரவன்கள் பனியில் கிடக்கும். மரமும் ஃபைபரும் அதிகம், இரும்பு குறைவு. அதனால் பல நேரம் சொந்தக்காரர்தான் காசு கொடுத்து அப்புறப்படுத்தணும். நம்ம ஊரில் நிலைமை தலைகீழ். இரும்புக்கு விலை இருப்பதால் காயலான் கடைக்காரரே வீடு தேடி வந்து பணம் தருவார். பணம் கைக்கு வந்ததும் பேப்பர் விஷயத்தை மறந்துடறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குது.

வண்டி போனாலும் நம்பர் உயிரோடு இருக்கும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி, பதிவு யார் பெயரில் இருக்கோ அவர்தான் பொதுவாக உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிடுச்சு. ஒரு கார் அடுத்தடுத்து பல கைகளுக்கு விற்கப்பட்டு, கடைசியில் விபத்து நடந்தது. ஆர்சியில் பெயர் மாறவில்லை. இழப்பீட்டுப் பொறுப்பு, வண்டியை எப்போதோ விற்றுவிட்ட பதிவு உரிமையாளர் மேலேயே விழுந்தது.

காயலான் கடைக்குப் போன வண்டி உடைக்கப்படாமல் வேறு கைக்குப் போனால்? அதன் நம்பர் பிளேட்டும் சேசிஸ் நம்பரும் ஒரு திருட்டு வண்டியில் ஏறினால்? போலீஸ் முதலில் தட்டுவது உங்க வீட்டுக் கதவைத்தான்.

இன்னொன்றும் கவனிங்க. வண்டி நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் 14 நாட்களுக்குள், அல்லது முடிந்தவரை சீக்கிரம், ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்கணும் என்று அதே சட்டத்தின் 55-வது பிரிவு சொல்லுது. நம்ம பக்கம் பலருக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டிஓ.

சரியான வழி என்ன?

2021 செப்டம்பரில் வாகன ஸ்கிராப்பிங் விதிகள் வந்தன. அதன்படி அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் வண்டியை ஒப்படைக்கணும். படிப்படியாகப் பார்ப்போம்.

1. வண்டி மேல் லோன் இருந்ததா? வங்கியின் என்ஓசி வாங்கி, ஆர்சியில் அடமானக் குறிப்பை நீக்குங்க. நிலுவை அபராதம் இருந்தால் கட்டிடுங்க.
2. அப்பா இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எடுத்து வைங்க. வண்டியை நீங்களே ஓட்டப் போறீங்கன்னா, படிவம் 31 மூலம் 3 மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும்.
3. அசல் ஆர்சி, அடையாள அட்டை, பான், வங்கி விவரத்தோடு மையத்தை அணுகுங்க. திருட்டு வண்டியான்னு அவங்க சரிபார்ப்பாங்க. வண்டியைத் தூக்கிட்டுப் போகும் செலவு யாருடையதுன்னு முன்னாடியே எழுத்தில் கேளுங்க.
4. ஒப்படைத்ததும் டெபாசிட் சான்றிதழ் வரும். வண்டியை உடைத்த பிறகு ஸ்கிராப்பிங் சான்றிதழ் வரும். இரண்டும் உங்க ஃபைலில் இருக்கணும்.
5. கடைசியாக வாகன் போர்ட்டலில் உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. பதிவு ரத்து என்று காட்டினால்தான் வேலை முடிஞ்சது.

கணக்குப் போடலாமா?

இது ஒரு உதாரணம்தான். காயலான் கடையில் ₹22,000, பதிவு பெற்ற மையத்தில் ₹17,000 தர்றாங்கன்னு வைச்சுக்கோங்க. வித்தியாசம் ₹5,000.

அடுத்து நீங்க ₹7 லட்சத்துக்கு கார் வாங்கப் போறீங்க. தமிழ்நாட்டில் ₹5 லட்சம் முதல் ₹10 லட்சம் வரையிலான காருக்கு சாலை வரி 13%, அதாவது ₹91,000. டெபாசிட் சான்றிதழ் இருந்தால் சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு 25% வரை வரிச் சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்லுது. எத்தனை சதவீதம் என்பது மாநில அரசின் கையில். 10% கிடைத்தாலே ₹9,100. 25% என்றால் ₹22,750. பதிவுக் கட்டண விலக்கும் உண்டு. அதனால் கார் புக் பண்ணும் முன்பே ஆர்டிஓவிலும் டீலரிடமும் கேட்டுடுங்க. கார் வாங்கும் எண்ணமே இல்லையா? டெபாசிட் சான்றிதழை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் வழி இருக்கு.

"இன்னும் ஓட்டலாமே"ன்னு தோணுதா? தமிழ்நாட்டில் 15 வருஷமான சொந்த வண்டியைக் கட்டாயம் உடைக்கணும்னு சட்டம் இல்லை. ஆனால் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் ₹5,000. 20 வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி ₹10,000. பசுமை வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் தனி. கூட்டிப் பார்த்து முடிவு பண்ணுங்க.

வருமான வரி கட்டணுமா?

சொந்தப் பயன்பாட்டு வண்டி மூலதனச் சொத்து இல்லை. ஸ்கிராப் பணத்துக்கு வரி கிடையாது. நஷ்டக் கணக்கும் காட்ட முடியாது. அப்பாவின் வியாபாரக் கணக்கில் தேய்மானம் எடுத்த வண்டி என்றால், ஸ்கிராப் தொகையை அந்த சொத்துத் தொகுப்பிலிருந்து கழிக்கணும். ஆடிட்டரிடம் சொல்ல மறக்காதீங்க.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதலில் பீரோவில் ஆர்சி புக்கைத் தேடுங்க. அதில் யார் பெயர், பதிவு எந்தத் தேதி வரை, அடமானம் இருக்கா என்ற மூன்றையும் போட்டோ எடுத்துக்கோங்க. காயலான் கடைக்காரரிடம் விலை பேசுவதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். வாகன் போர்ட்டலில் எங்கே பார்ப்பது என்பதை வீடியோவில் காட்டியிருக்கேன்.