படிக்கிற மாதங்களுக்கு யார் சோறு போடுவது?

அன்புள்ள கண்ணா,

உன் கடிதத்தைப் பெரியப்பாவும் நானும் படித்தோம். சேலையூரில் இருக்கிற யூனிபார்ம் கடையைக் கைமாற்றிவிட்டு, பெரும்பாக்கத்துப் பையன்களுக்குக் கம்ப்யூட்டரும் பெண்களுக்குத் தையலும் சொல்லித்தர ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஓடுகிற கடையை விடுவானேன் என்று பெரியப்பா இரண்டு நாளாகப் புலம்புகிறார். எனக்கு உறுத்துவது வேறு. எல்லாம் இலவசம் என்று எழுதியதோடு உன் கணக்கு முடிந்துவிடுகிறது.

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள். பெயின்ட் வேலைக்கோ, கேட்டரிங்குக்கோ, டெலிவரிக்கோ போகிறான். அவன் கொண்டுவருகிற பணத்தில்தான் வீட்டில் அரிசி வாங்குகிறார்கள். ஆறு மாதம் உன் வகுப்பில் வந்து உட்கார் என்றால், ஆறு மாதக் கூலியை விட்டுவிட்டு வா என்றுதானே அர்த்தம்? நீ ஃபீஸ் வாங்கவில்லை, சரி. அவன் கொடுக்கிற விலை அதைவிடப் பெரிது. மூன்று வாரம் வருவான், அப்புறம் நின்றுவிடுவான். "இந்தப் பசங்களுக்கு அக்கறையே இல்லை பெரியம்மா" என்று நீ என்னிடம் சொல்வாய். நல்ல மனதோடு ஆரம்பித்த எத்தனையோ பேர் இப்படிச் சலித்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன்.

கற்றுக்கொள்கிற காலத்துக்கும் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரிப் பக்கம் போகும்போது சோஹோ வளாகத்தைப் பார்த்திருப்பாய். ஸ்ரீதர் வேம்புவின் சாஃப்ட்வேர் கம்பெனி. 2005இல் ஆறே ஆறு மாணவர்களோடு அவர்கள் ஒரு பள்ளி தொடங்கினார்கள். கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளுக்கு இரண்டு வருடப் பயிற்சி. ஃபீஸ் கிடையாது என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். நான் கவனித்தது மாதாமாதம் அவர்கள் கையில் கொடுத்த உதவித்தொகையை. கற்றுக்கொடுத்தவர்களுக்குப் பயிற்சி முடிந்ததும் என்ன வேலை காத்திருக்கிறது என்பதும் தெரியும். குழந்தை, குடும்பம் என்று வேலையை விட்ட பெண்கள் திரும்பி வருவதற்கு 'மறுபடி' என்று ஒரு திட்டமும் பின்னால் வந்தது. "அது தர்மமா? கம்பெனிக்கு ஆள் எடுப்பதுதானே" என்பார் உன் பெரியப்பா. ஆமாம், தொழில்தான். தொழில் செய்கிறவர் தனக்கு வேண்டிய ஆளை உருவாக்கச் சம்பளம் போலக் கொடுத்துக் கற்றுத்தரத் தயங்கவில்லை. சேவை செய்ய வருகிறவர்கள்தான் அந்தச் செலவு வீண் என்று நினைக்கிறார்கள்.

காஞ்சிபுரத்தில் நடந்தது இன்னும் பொருத்தம். பட்டுத் தறிகளில் சின்னப் பிள்ளைகள் வேலை பார்த்த காலம். அங்கே இயங்கிய ஹேண்ட் இன் ஹேண்ட் அமைப்போடு சேர்ந்தவர் பெர்சி பார்னெவிக் என்ற சுவீடன்காரர், ஏ.பி.பி. என்ற பிரம்மாண்டமான மின்சாதனக் கம்பெனியை நடத்தியவர். கல்பனா சங்கர் இங்கே தலைமை ஏற்று நடத்தினார். பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்கு வந்த கூலி நின்றுவிடும். அதனால் அம்மாக்களைச் சுயஉதவிக் குழுக்களில் சேர்த்து, பயிற்சியும் கடனும் கொடுத்து, அவர்களுக்கு ஒரு வருமானம் உண்டாக்குவதையும் சேர்த்தே செய்தார்கள். எத்தனை வேலைகள் உருவாயின என்பதைத்தான் பார்னெவிக் எண்ணிக்கொண்டிருந்தார். முதலாளி புத்தி! ஆனால் இந்த இடத்தில் அந்தப் புத்திதான் வேண்டும்.

படிக்கும்போதும் கையில் பணம் வேண்டும் என்பது அரசாங்கத்துக்கே புரிந்துதான், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022இல் மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடும்பங்களை, அதிலும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கத்து எட்டு மாடி அடுக்குகளுக்குக் கொண்டுவந்தார்கள். நகரத்துக்குள் நாலு வீடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வீடுகள் தூரமாகிவிட்டன. 2021லிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம். ஆனால் போய்வரும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? பள்ளிவிட்டு வரும் குழந்தையை யார் பார்ப்பது? டிரஸ்ட் என்றாலே எல்லோரும் தையல் மெஷின் வாங்கிவிடுகிறார்கள், போட்டோவுக்கு நன்றாக இருக்கிறது. உன் முதல் செலவு மெஷினாக இருக்க வேண்டாம். அந்த அடுக்குகளுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை, பாய், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா; ஆயாவுக்கு ஒழுங்கான சம்பளம். அதற்குப் பிறகு மெஷின்.

அப்புறம் முகவரி. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று விண்ணப்பத்தில் பார்த்ததும் முகம் மாறுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். உன் சான்றிதழை அவர்கள் படிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் குரோம்பேட்டையிலும் தாம்பரம் மார்க்கெட்டிலும் உனக்குத் துணி கொடுக்கிறவர்கள், உன்னிடம் வாங்குகிறவர்கள், "இந்தப் பையனை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு" என்று நீ சொன்னால் கேட்பார்கள். கடைக்காரனாக இருப்பதால்தான் கேட்பார்கள்.

அதனால் கடையை விற்காதே. ஏப்ரல், மே வந்தால் தைக்க ஆள் இல்லை என்று நீதானே போன வருடம் என்னிடம் அழுதாய்? ஆர்டர் உன் கையில் இருக்கிறது. பெரும்பாக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரை எடு. கற்றுக்கொள்கிற மாதங்களுக்குத் தினக்கூலி கொடு, கை பழகியதும் பீஸ் ரேட் போடு. துணி வீணாகும், வீணாகட்டும். சீசன் முடிந்த பிறகு அவர்களுக்கு என்ன வேலை என்பதுதான் கஷ்டமான கேள்வி. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக் கார்மென்ட்ஸ் யூனிட்டுகளில் போய், பவர் மெஷின் ஓட்டத் தெரிந்தவர்களை எடுப்பார்களா, எந்த வேகம் எதிர்பார்க்கிறார்கள், ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்று இப்போதே விசாரித்து வை.

டிரஸ்ட் பத்திரம், வரிவிலக்குப் பதிவு எல்லாம் ஆடிட்டர் வேலை, அவசரம் இல்லை. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2014லிருந்து சட்டம் இருப்பதால் நீயும் ஒருநாள் அவர்களிடம் போய் நிற்பாய். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தாய், தலைக்கு என்ன செலவு என்று கேட்பார்கள். கூலி கொடுத்தால் உன் கணக்கில் தலைச்செலவு கூடுதலாகத்தான் தெரியும். அதைக் குறைத்துக் காட்ட மட்டும் இறங்காதே. ஒரு வருடம் கழித்தும் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கை அவர்கள் கேட்காவிட்டாலும் முன்னால் வை. அதைப் பார்த்தும் முடியாது என்கிறவர்கள் பணம் உனக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. வரும்போது மூன்று வருட ஆர்டர் புத்தகத்தை எடுத்து வா. வருடம் முழுக்க எத்தனை பேருக்கு வேலை தாங்கும் என்று பெரியப்பா கணக்குப் போட்டுச் சொல்வார். அவர் புலம்பலும் அதோடு நிற்கும்.

அன்புடன்,
பெரியம்மா