தேங்காயும் கொக்கோவும்: எங்கள் அடுப்பங்கரைப் பாடம்

ஆண்டு மலரின் மனையியல் பகுதிக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார்கள். "செய்து பார்க்காத எதையும் எழுதாதே" என்பது மட்டுமே அவர்கள் விதித்த நிபந்தனை. ஆகவே செய்து கெடுத்ததையும், செய்து தேறியதையும் சேர்த்தே எழுதுகிறோம். "நாங்கள்" என்பது ஒரு வீட்டுப் பெண்கள் இருவர். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. பேனா பிடித்திருப்பவள் மூத்தவள். பாத்திரம் கழுவியவள் இளையவள் என்பதையும் இங்கே குறிப்பிடும்படி அவள் கேட்டுக்கொண்டாள்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. அப்பாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. காலை 6 மணி முதல் 2 மணி, 2 முதல் இரவு 10, 10 முதல் மறுநாள் காலை 6 என்று வாரந்தோறும் மாறும். ஷிப்டு வீட்டுத் தோழியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: அப்பா, அம்மா, ஆயா, நாங்கள் இருவர் என ஐந்து பேர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், ஐவரும் ஒரே வேளையில் இலை முன் உட்காருவது எங்கள் வீட்டில் அபூர்வம். அதனால்தான் அப்பாவின் பிறந்த நாளன்று எல்லோரையும் ஒரு தட்டைச் சுற்றி உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தோம். அப்பாவுக்குத் தேங்காய் போட்ட எதுவும் பிடிக்கும். எங்களுக்குச் சாக்லேட் பிடிக்கும். உண்மையை மறைப்பானேன்! இரண்டையும் சேர்த்து ஒரு கேக் செய்வது என்று முடிவாயிற்று.

அன்று அப்பாவுக்கு 2 முதல் 10 வரை வேலை. இரவு பத்தரைக்கு வருவார், சூடாகத் தரலாம் என்று ஒன்பதரைக்கு மாவைக் கலக்கினோம். வீட்டுத் தென்னையின் காயை உடைத்து, பச்சையாகத் துருவி, ஒரு கப் நிறைய அதில் கொட்டினோம். சோடாவும் வினிகரும் சேர்ந்த மாவு நுரைத்து எழும்பியது. தங்கை கைதட்டினாள். அந்த நேரத்தில் அப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லையாம், இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம். "அப்பா கிளம்பியதும் அடுப்பில் வைக்கலாம்" என்று மாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பதினொன்றேகாலுக்கு மறுபடி அழைத்தார்: இரட்டை டியூட்டி, காலையில்தான் வருவார். அதற்குமேல் அந்த மாவை அடுப்பில் ஏற்றினோம். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், விளிம்பு கருகி, நடு குழிந்து, உள்ளே பசையாக ஒன்று இருந்தது. ஆயா விரலால் தொட்டுப் பார்த்து, "ஏன்டி, கேக்குன்னீங்க, களியில்ல கிண்டியிருக்கீங்க?" என்றார்கள். தங்கை அழுதாள். மூத்தவள் அழவில்லை என்று எழுத ஆசைதான்.

மறு வாரம் வேதியியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே தவறினோம் என்று ஆராய்ந்தோம். இரண்டு குற்றங்கள் அகப்பட்டன.

முதல் குற்றம் காத்திருந்தது. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அமிலத்தோடு ஈரத்தில் சேர்ந்த உடனேயே அது கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கக்கத் தொடங்கிவிடும். மாவுக்குள் சிக்கிய அந்தக் குமிழிகள் அடுப்புச் சூட்டில் விரிய வேண்டும். அவை விரிந்திருக்கும்போதே மாவு வெந்து இறுகிவிட வேண்டும். அப்போதுதான் கேக் பஞ்சுபோல நிற்கும். நாங்களோ வினிகரைச் சேர்த்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்தோம். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்துபோயின. அடுப்பில் ஏறியது காற்றுப்போன பந்து. எழும்பவில்லையே என்று சோடாவைக் கூடுதலாகப் போடுவோரும் உண்டு. அமிலத்தோடு சேராமல் மிஞ்சும் சோடா, சூட்டில் சலவைச் சோடாவாக, அதாவது சோடியம் கார்பனேட்டாக மாறும். கேக் சோப்பு போலக் கசப்பது அதனால்தான்.

இரண்டாவது குற்றம் பச்சைத் தேங்காய். முற்றிய தேங்காயின் பருப்பில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. பார்த்தால் உலர்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் துருவிய ஒரு கப் தேங்காயைப் போட்டால் நல்ல பங்கு தண்ணீரையும் கூடவே ஊற்றியவர்களாவோம். வெப்பம் பட்டதும் அந்த ஈரம் மாவுக்குள் இறங்கும். வெளியே கருகியும் உள்ளே வேகாமலும் இருந்ததன் காரணம் அதுவே. கடையில் விற்கும் உலர் தேங்காய்ப்பூவில் இந்த ஈரம் அநேகமாக இராது.

கொக்கோவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது வேறொரு வாசல் திறந்தது. கொக்கோப்பொடி இயல்பாகவே சற்றுப் புளிப்புள்ளது. கொக்கோக் காய், பலாவைப் போல அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும். உள்ளே வெள்ளைச் சதை சூழ்ந்த முப்பது நாற்பது விதைகள் இருக்கும். அவற்றைக் குவித்து ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைக்கிறார்கள். புளித்தபோது ஊறிய அமிலத்தில் கொஞ்சம் பொடியிலும் தங்கிவிடுகிறது. அரைத்த விழுதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். அதைப் பிழிந்தெடுத்துப் பொடி செய்யும் அழுத்த எந்திரத்துக்கு ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828-ல் காப்புரிமை பெற்றார்கள். பொடியில் காரம் சேர்த்துப் புளிப்பைப் போக்கி நிறத்தைக் கருக்கச் செய்யும் முறையும் அவர்கள் பெயரோடு சேர்ந்ததே. அதனால்தான் இன்றும் அதை "டச்சு முறைக் கொக்கோ" என்கிறார்கள். அப்படிப்பட்ட பொடியில் அமிலம் இராது. சோடாவை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். வினிகரோ எலுமிச்சைச் சாறோ துணைக்கு வேண்டும்.

டச்சுக்காரர் என்றதும் எங்களுக்கு நம் பழவேற்காடுதான் நினைவுக்கு வந்தது. 1613-ல் அங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்களே. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் 1825-ல் பழவேற்காடு முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. மூன்று ஆண்டு பிந்தியிருந்தால் நம் மாவட்டத்துக்கும் கொக்கோப்பொடி கப்பலில் வந்திருக்குமோ என்று தங்கை கேட்டாள். சரித்திர டீச்சரிடம் கேட்கும்படி சொல்லிவிட்டோம்.

உண்மையில் கொக்கோச் செடி அதற்கு முன்பே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்பாய்னாத் தீவிலிருந்து கொக்கோக் கன்றுகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டார்கள். இந்தியாவில் முதலில் கொக்கோ நட்ட இடம் அதுவே என்பார்கள். ஆனால் அது அப்போது பரவவில்லை. 1965-க்குப் பிறகு, காட்பரி நிறுவனம் வயநாட்டில் தொடங்கிய முயற்சியாலேதான் தென்னாட்டில் கொக்கோ ஒரு பயிராக வளர்ந்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தில் அது எங்கே வளர்கிறது தெரியுமா? தென்னந்தோப்பில், தென்னைகளுக்கு நடுவே! நேர் வெயில் கொக்கோவுக்கு ஆகாது. இருபத்தைந்து அடி இடைவெளியில் நிற்கும் தென்னைகளின் ஓலை, வெயிலைச் சல்லடையில் சலித்தது போலக் கீழே விடும். அந்த நிழல் கொக்கோவுக்குப் போதும். உதிரும் கொக்கோ இலை மட்கித் தென்னைக்கே எருவாகிறது. நாங்கள் எங்கள் இருவர் ஆசைக்காக ஒட்டவைத்த தேங்காயும் கொக்கோவும் தோட்டத்திலேயே ஒன்றாகக் குடியிருப்பவை என்று தெரிந்தபோது பெரிய கண்டுபிடிப்புச் செய்தவர்கள்போல் மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சியைக் குறைத்த செய்தியும் ஒன்று உண்டு. உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரு நாடுகளிலிருந்து வருகிறது. அந்த இரு நாடுகளின் கொக்கோத் தோட்டங்களில் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைத் தொழிலாளர் இருப்பதாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் 2020-ல் கணக்கிட்டது. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள். அதாவது எங்கள் இருவர் வயதினரும் அதற்குள் அடக்கம். தங்கை எங்கள் வீட்டுக் கொக்கோ டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்த நாட்டுக் கொக்கோ என்று அதில் எழுதியிருக்கவில்லை. அந்நாடுகளில் விளைச்சல் குன்றியதால் 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கொக்கோவின் விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அந்தக் காலத்தில் டப்பாவின் விலையைக் கேட்டு அம்மா இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

இனி, தேறிய முறையைச் சொல்கிறோம். இதற்கு முட்டையும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். போர்க்காலத்தில் அவை கிடைக்காத நாளில் அமெரிக்க இல்லத்தரசிகள் செய்த சிக்கன கேக் ஒன்றைத் தழுவி, தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றினோம்.

ஒரு தேங்காயைத் துருவி அரைத்து முதல் பாலை எடுத்துத் தனியே வைக்கவும். (எங்கள் வீட்டில் அது ஆப்பத்துக்குப் போய்விடும்.) பிறகு வெந்நீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பாலில் ஒரு கப் வேண்டும். மிஞ்சிய சக்கையை எறிய வேண்டாம். வாணலியில் எண்ணெயில்லாமல், சிறு தீயில், கையில் எடுத்தால் மணல்போல் உதிரும்வரை வறுத்தால் அதுவே உலர் தேங்காய்ப்பூ. அதில் அரை கப் போதும். ஒன்றரைக் கப் மைதா, நான்கு மேசைக்கரண்டி கொக்கோப்பொடி, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை இரண்டு முறை சலித்து, ஒரு கப் பொடித்த சர்க்கரையும் வறுத்த தேங்காய்ப்பூவும் கலந்துகொள்ளவும். இதுவரை எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். உலர்ந்தவை ஒன்றோடொன்று பேசா.

மாவு கரைக்கும் முன்பே அடுப்பை ஆயத்தம் செய்ய வேண்டும். எங்களிடம் அவன் இல்லை. கனத்த குக்கரின் அடியில் ஓர் அங்குலம் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிய மூடியால் மூடி, பத்து நிமிடம் சூடேற்றுவோம். ரப்பரைக் கழற்ற மறந்தால் ஆபத்து. பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். அதன் பிறகு மாவில் குழி செய்து, மூன்றில் ஒரு கப் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், தேங்காய்ப்பால் ஆகியவற்றை ஊற்றி, கட்டி உடையும் அளவுக்கு மட்டும் கலக்கவும். அடித்துப் பிசைந்தால் கேக் ரப்பராகும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் பாதி அளவுக்கு ஊற்றி, அந்த நிமிடமே குக்கரில் இறக்கிவிட வேண்டும். சிறு தீயில் ஏறக்குறைய 50 நிமிடம். ஈர்க்குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

ஆயாவுக்குப் பல் இல்லை. அவர்களுக்காகச் சாக்லேட் உருண்டையும் கற்றோம். இரண்டு கப் உலர் தேங்காய்ப்பூவை டின்னில் வரும் கெட்டிப்பாலில் பிசைந்து, சிறு சிறு உருண்டையாக்கிக் குளிரவைத்து, உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து எடுப்பதுதான். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட்டை உருக்கும்போது ஒரு சொட்டு நீர் உள்ளே விழுந்தாலும் அது மணல்போல் திரண்டுவிடும். இங்கும் பச்சைத் தேங்காய் பகைதான்! மெய்யான சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் 34 டிகிரிக்கு அருகில் உருகும். வாயில் போட்டதும் கரைவதன் ரகசியம் அது. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது உருண்டை தட்டிலேயே கரைந்துவிடும். மறுபடி இறுகினால் மேலே வெள்ளையாக நரைக்கும். அது பூஞ்சணம் அன்று, கொழுப்புப் பிரிந்ததே, தின்னலாம். ஆகவே இந்த உருண்டையைக் கிறிஸ்துமஸ் சமயத்தில், கல்கல் செய்யும் நாளிலேயே செய்துவிடுவோம்.

இரண்டாம் முறை கேக் செய்த வாரம் அப்பாவுக்கு இரவு ஷிப்டு. இம்முறை அவருக்காக மாவைக் காக்க வைக்கவில்லை. மாலையிலேயே சுட்டு, ஆறவைத்து, பாத்திரத்தோடு மூடி வைத்தோம். எண்ணெயில் செய்த கேக் ஒரு இரவு போனால் காய்வதில்லை. தேங்காய்ப்பூ ஈரத்தை இழுத்து மறுநாள் இன்னும் மெதுவாகிவிடுகிறது. காலை ஆறரைக்கு அப்பா சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அம்மா காபி கலந்தார்கள். ஆயா அன்று வழக்கத்துக்கு முன்னதாகவே எழுந்து, எங்களுக்கு முன் தரையில் இடம் பிடித்திருந்தார்கள். பள்ளிச் சீருடையில் நாங்கள் இருவர். ஐந்து பேர், ஒரு தட்டு.

அப்பா ஒரு துண்டை மென்றுகொண்டே, "அன்னைக்கு எனக்காக மாவை வெச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தீங்களாமே" என்றார். பதில் சொல்வதற்குள் ஆயா இரண்டாவது துண்டைக் கேட்டார்கள்.